நடந்தது எத்தனை, பதிவானது எத்தனை: கொங்கு நாட்டின் குற்றக் கணக்கு

2024 நவம்பர் கடைசியில், பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டன்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் வசித்த வயதான தம்பதியும் அவர்களுடைய மகனும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, 2025 மே மாதத் தொடக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் விளக்கேத்தியில் இன்னொரு தோட்டத்து வீட்டில் இன்னொரு முதிய தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். இரண்டு இடத்திலும் நகை போயிருந்தது. இந்தச் செய்தி கொங்கு நாட்டை ஏன் இப்படி உலுக்கியது என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் பக்கம் குடியானவர்கள் பலரும் ஊருக்குள் நெருக்கியடித்து இருப்பதில்லை. அவரவர் காட்டில், கிணற்று மேட்டுப் பக்கம், சாளை கட்டிக் குடியிருப்பதுதான் பழக்கம். பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். தோட்டத்தில் அப்பா, அம்மா, ஒரு நாய், நாலு உருப்படி மாடு. அடுத்த வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியும், கூப்பிட்டால் சத்தம் போய்ச் சேராது. அந்த வருடம் எத்தனை தோட்டங்களில் கேமரா மாட்டினார்கள், எத்தனை பேர் பெற்றோரைக் கட்டாயப்படுத்தி டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

கணக்கில்லாத இன்னொன்றும் நடந்தது. "இது வடக்கத்திக்காரங்க வேலைதானுங்க" என்ற பேச்சு டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் தீர்ப்பு மாதிரி ஓடியது. 2025 மே மாதம் சிவகிரி வழக்கில் போலீஸ் கைது செய்தது அரச்சலூர் பக்கத்து ஆட்களை. பல்லடம் கொலைகளிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். குற்றம் நிரூபணமாக வேண்டிய இடம் நீதிமன்றம். ஆனால் ஆறு மாதம் ஊர் பேசிய பேச்சும் விசாரணை போன திசையும் ஒன்றாக இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அதே நாட்களில் மேடைக்கு மேடை இரண்டு வாதம் கேட்டது. கொங்கு மண்டலத்தில் குற்றம் தலைவிரித்தாடுகிறது என்று ஒரு தரப்பு. குற்றங்கள் குறைந்திருக்கின்றன, புள்ளிவிவரம் பாருங்கள் என்று இன்னொரு தரப்பு. இரண்டு பேரும் பொய் சொல்லத் தேவையே இல்லை. இரண்டுக்கும் எண் கிடைக்கும். குற்றப் புள்ளிவிவரம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான், யார் சொல்லும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது பிடிபடும்.

இந்தியாவில் குற்றங்களுக்கான அதிகாரபூர்வக் கணக்கை வெளியிடுவது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். 1986-இல் தொடங்கிய அமைப்பு. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பதிவான வழக்குகள் மாவட்டம், மாநிலம் என்று கூட்டப்பட்டு அங்கே போய்ச் சேருகின்றன. அதில் ஏறுவதற்கு ஒரே வழி எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை. எஃப்.ஐ.ஆர். போடாத எதுவும் அந்தக் கணக்கில் நடக்கவே இல்லை. குற்றம் கூடுவது வேறு, வழக்குப் பதிவு கூடுவது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று காப்பகமே தன் ஆண்டறிக்கையில் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தைப் படிக்காமல் அட்டவணையை மட்டும் எடுத்துத் தலைப்புச் செய்தி போடுவதுதான் வழக்கமாகிவிட்டது.

இன்னொரு விதி இருக்கிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் கடுமையானது எதுவோ அது மட்டுமே எண்ணப்படும். தோட்டத்து வீட்டில் நுழைந்து, மூன்று பேரைக் கொன்று, நகையை எடுத்துப் போனால் கொலை என்ற வரிசையில் ஒரு வழக்கு ஏறும். இறந்தவர்கள் மூன்று பேர் என்பது பக்கத்துப் பத்தியில் வரும். வீடு புகுந்ததோ நகை பறிபோனதோ தனியாக எந்த வரிசையிலும் ஏறாது. ஆக, கொங்கு நாட்டையே தூங்கவிடாமல் செய்த அந்த வகைக் குற்றம், "தனியாக இருக்கும் முதியோரைக் கொன்று கொள்ளை" என்ற பெயரில் எந்த அட்டவணையிலும் கிடையாது. குடும்பச் சண்டைக் கொலை, குடிபோதைக் கொலை, நிலத்தகராறுக் கொலை எல்லாவற்றோடும் கலந்து கிடக்கும். 2023 செப்டம்பரில் அதே பல்லடம் வட்டாரத்தில் கள்ளக்கிணறில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அதன் தொடக்கம் குடித்ததைத் தட்டிக்கேட்ட தகராறு. காரணம் வேறு, தடுக்க வேண்டிய விதம் வேறு. செய்தியில் மட்டும் இரண்டும் சேர்ந்து "பல்லடம்" ஆகிவிட்டன.

எண்கள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2020-ஐ விட நல்ல சாட்சி இல்லை. 2019-இல் தமிழ்நாட்டில் இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகள் ஏறத்தாழ 1.68 லட்சம். 2020-இல் அது 8.9 லட்சத்தைத் தாண்டியது. ஐந்து மடங்குக்கு மேல். அதைப் பார்த்து நாட்டிலேயே குற்றம் அதிகமான மாநிலம் தமிழ்நாடு என்று எழுதினார்கள். நடந்தது என்ன? ஊரடங்கு. அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல் என்ற 188-வது பிரிவில் நாடு முழுக்க 2019-இல் பதிவானவை 29,469. 2020-இல் 6,12,179. கடைக்குப் போனவர், முகக்கவசம் போடாதவர், வண்டியில் இரண்டு பேராகப் போனவர் எல்லோரும் "குற்றம்" ஆனார்கள். அந்த ஆண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் தமிழ்நாட்டின் கொலை வழக்குகளைப் பாருங்கள். மூன்று ஆண்டும் 1,650-க்கும் 1,700-க்கும் நடுவிலேயே நின்றன. மொத்தக் குற்றம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தபோது கொலை அசையவில்லை.

கொலையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பிணத்தை மறைப்பது கடினம், வழக்குப் போடாமல் விடுவதும் கடினம். அதற்கு அடுத்தபடியாக நம்பத்தக்கது வண்டித் திருட்டு. காரணம் எளிது. பைக் தொலைந்தால் இன்சூரன்ஸ் பணம் வாங்க எஃப்.ஐ.ஆர். வேண்டும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் வேண்டும். வண்டிக்காரர் ஸ்டேசனில் உட்கார்ந்து வாங்காமல் நகரமாட்டார். புகார் கொடுப்பவருக்கு அதனால் ஒரு லாபம் இருக்கும் இடத்தில் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. லாபம் இல்லாத இடத்தில் கணக்கு காற்றில் போகிறது.

அதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் சுற்றுப்பட்டில் எந்தத் தோட்டத்திலும் கேட்டுப்பாருங்கள், மோட்டார் ஒயர் திருட்டு பற்றிச் சொல்வார்கள். ராத்திரி வருபவன் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் போர்வெல்லுக்கும் நடுவில் இருக்கும் கேபிளை வெட்டி எடுத்துக்கொண்டு போவான். எங்காவது பள்ளத்தில் போட்டுக் கொளுத்தினால் மேல் உறை உருகிச் செம்பு மிஞ்சும். அது கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போகும். திருடனுக்குக் கிடைப்பது சில நூறோ ஆயிரமோ. தோட்டக்காரருக்குப் புது ஒயர் விலை, எலக்ட்ரீசியன் கூலி, வேலை முடியும்வரை தண்ணீர் பாயாத காடு. காயும் வாழையும் மஞ்சளும் எந்த மகஜரிலும் ஏறாது. சரி, புகார் கொடுத்தீர்களா என்று கேட்டால் வருவது பெரும்பாலும் ஒரே பதில்: "அதுக்குப் போயி யாருங்க ஸ்டேசனுக்கு நடக்கறது? ஒயரு வாங்குன பில்லு இருக்குதான்னு கேப்பாங்க. போனது போனதுதானுங்க." ஒரு நாள் வேலை கெட்டுப் போவதைவிட ஒயர் வாங்கி மாட்டுவது மலிவு என்று அவர் கணக்குப் போடுகிறார். அவர் கணக்கு தப்பில்லை. ஆனால் அப்படி நூறு பேர் கணக்குப் போட்டால் அந்த வட்டாரத்தில் திருட்டே இல்லை என்று அட்டவணை சொல்லும். ரோந்து வண்டி வேறு பக்கம் போகும்.

கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலிக்குள் விட்ட ஆடு காணாமல் போவதும் இப்படித்தான். நாய் கடித்ததா, எவனாவது வண்டியில் தூக்கிப் போட்டானா என்பதே விடிந்த பிறகுதான் யோசனைக்கு வரும். அதற்குள் ஆடு சந்தையைத் தாண்டியிருக்கும்.

காந்திபுரத்திலோ திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டிலோ போன் பறிபோனால் நடப்பது வேறு விதம். சிம்மை முடக்க வேண்டும், அதற்கு ஒரு காகிதம் வேண்டும். "திருடிட்டாங்கன்னு எழுதாதீங்க, தவறி விழுந்துடுச்சுன்னு எழுதுங்க, சீக்கிரம் முடியும்" என்று சொல்லும் இடத்தில் பெரும்பாலோர் அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். திருட்டுப் போனது தொலைந்துபோனதாக மாறுகிறது. தொலைப்பது குற்றம் இல்லை.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் இந்த மாற்றம் நடக்கும் கதவுக்குப் பெயர் சி.எஸ்.ஆர். மனு கொடுத்தால் பதிவேட்டில் ஏற்றி ஒரு எண்ணோடு ரசீது கொடுப்பார்கள். அந்த ரசீதே பலருக்கு வழக்குப் போட்டாகிவிட்டது என்ற நிம்மதியைத் தந்துவிடும். உண்மையில் சி.எஸ்.ஆர். வழக்கு அல்ல. விசாரித்துப் பார்க்கிறோம் என்பதற்கான ஒப்புகை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கி, அங்கேயே முடிந்துபோகும் மனுக்கள் ஏராளம். எல்லாமே கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. வரப்புத் தகராறிலும் கொடுக்கல் வாங்கலிலும் வழக்கு வேண்டாம் என்று மனுதாரரே கேட்பது உண்டு. ஆனால் திருட்டும் அடிதடியும் மிரட்டலும் அந்தப் பதிவேட்டிலேயே தங்கிவிட்டால் தேசியக் கணக்கில் அவை இல்லை.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு கட்டாயம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டத்தில் 173-வது பிரிவு அந்த இடத்தில் நிற்கிறது. எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேசனிலும் புகாரைப் பதிய வேண்டும். மின்னஞ்சல் வழியாகவோ ஆன்லைனிலோ கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அதே பிரிவில் ஒரு புதிய இடைவெளியும் வந்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பியின் அனுமதியோடு, பதிவதற்கு முன் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். பேசி முடிக்கும் பழக்கம் ஊறிய இடத்தில் அந்தப் பதினான்கு நாள் எதற்குப் பயன்படும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

புதிய சட்டங்களால் ஒப்பிடுவதும் சிக்கலாகிவிட்டது. செயின் பறிப்பையே எடுத்துக்கொள்வோம். பழைய சட்டத்தில் அதற்கென்று தனிப் பிரிவு இல்லை. கழுத்தில் கீறல் விழுந்ததா, கீழே தள்ளினார்களா என்பதைப் பொறுத்து 379-இல் திருட்டாகவும் போகலாம், 392-இல் வழிப்பறியாகவும் போகலாம். எழுதுபவர் கையில் இருந்தது அது. வழிப்பறி கூடினால் மேலிடத்தில் கேள்வி வரும். திருட்டு கூடினால் அவ்வளவு வராது. பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு 304-ஆவது பிரிவாகத் தனியே வந்துவிட்டது. இது நல்லது. ஆனால் 2024-இன் முதல் பாதி பழைய சட்டத்திலும் மறுபாதி புதிய சட்டத்திலும் பதிவானது. இனி யாராவது "முந்தைய ஆண்டைவிட வழிப்பறி இத்தனை சதவீதம் குறைந்தது" என்றால், குறைந்ததா, பெயர் மாறியதா என்று முதலில் கேட்க வேண்டும்.

பெயர் மாறுவதைவிடப் பெரிய விஷயம் மரணத்திலேயே இருக்கிறது. சந்தேக மரணம் என்று பதிவில் இருக்கும்வரை அது கொலை இல்லை. 2015 ஜூனில் திருச்செங்கோட்டிலிருந்து காணாமல் போன ஒரு பட்டதாரி இளைஞரின் உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை போலத் தெரிய வேண்டும் என்றே அமைக்கப்பட்ட காட்சி. குடும்பமும் ஊர்க்காரர்களும் வழக்கறிஞர்களும் விடாமல் நின்றதால் அது சாதியின் பெயரால் நடந்த கொலை என்று வழக்கு மாறி, 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனையில் முடிந்தது. நிற்க யாரும் இல்லாத குடும்பங்களின் கதை என்ன ஆகியிருக்கும்? 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சாதி மறுத்து மணந்த இளைஞர் மீது பட்டப்பகலில் நடந்த வெட்டு கேமராவில் பதிவானதால் நாடே பார்த்தது. சாதி மறுத்துத் திருமணம் செய்தவர்கள் மீது நடக்கும் கொலையை "கௌரவம்" என்ற நோக்கத்தின் கீழ் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் விசாரிக்கும் அதிகாரியின் முடிவு. "முன்விரோதம்" என்றோ "குடும்பத் தகராறு" என்றோ ஒரு வார்த்தை போட்டால் போதும், அந்த வரிசையில் பூஜ்ஜியம் நிற்கும். கொலை எண்ணிக்கை நம்பத்தக்கது என்று மேலே சொன்னேன். கொலைக்கான காரணம் என்ற பத்திக்கு அந்த நம்பிக்கையைத் தர முடியாது.

பெண்கள் மீதான குற்றங்களில் இடைவெளி இன்னும் அகலம். 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகத் தமிழ்நாட்டில் சொன்னார்கள். வீட்டுக்குப் போய், தனியே உட்கார்ந்து, கேள்வி கேட்டு எடுத்த எண் அது. போலீஸ் பதிவில் வருவது அதில் ஒரு துளி. 1992 முதல் தமிழ்நாட்டில் மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போகும் பெண்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது கவுன்சலிங். சேர்த்துவைத்து அனுப்புவதையே வெற்றியாக எண்ணும் மனநிலை அதற்குள் இருக்கிறது. சேர்த்து அனுப்பிய வீட்டில் மறுபடி அடி விழுந்தால், அந்தப் பெண் இரண்டாம் முறை படியேறுவாள் என்பதற்கு என்ன உறுதி?

பொள்ளாச்சி பாலியல் வழக்கில் புகார் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று ஊரே பார்த்தது. 2019 பிப்ரவரியில் ஒரு பெண் புகார் கொடுத்தார். அடுத்து நடந்தது, அவருடைய பெயர் அதிகாரிகள் வாயாலேயே வெளியே வந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கும்போது நடந்தது இது. உயர் நீதிமன்றம் கண்டித்தது, இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் புகார் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மற்ற பெண்களுக்கு அந்த ஒரு வாரம் சொல்லிக்கொடுத்த பாடத்தை எந்த நீதிமன்றம் திருப்பி எடுக்கும்? ஊடகங்களில் இருநூறு பெண்கள் என்றெல்லாம் எண் பறந்தது. முன்வந்து சாட்சி சொன்னவர்கள் எட்டுப் பேர். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. உண்மை எண் எட்டுக்கும் இருநூறுக்கும் நடுவில் எங்கே இருக்கிறது என்று யாராலும் நிறுவ முடியாது. அதனால்தான் பெரிய எண்ணை எழுதிய கை அதற்கான ஆதாரத்தையும் எழுதியிருக்க வேண்டும் என்கிறேன். ஆதாரம் இல்லாத பெரிய எண், குற்றவாளித் தரப்பு வழக்கறிஞருக்குத்தான் உதவும்.

கொங்கு நாட்டுக்கே உரிய குற்றம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நான் நிதி மோசடியைத்தான் சொல்வேன். கையில் பணம் புரளும் ஊர், ஒருவரைப் பார்த்து ஒருவர் போடும் ஊர், சொந்தக்காரர் சொன்னால் கையெழுத்துப் போடும் ஊர். 2012-இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோது நிலத்தை விற்றுப் போட்டவர்கள் இருந்தார்கள். திருப்பூர் பாசி நிறுவனத்தின் அந்நியச் செலாவணி மோசடியில் சுமார் 930 கோடி ரூபாய் சம்பந்தப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. எண்ணும் விதியின்படி ஒரு எஃப்.ஐ.ஆர். என்றால் ஒரு குற்றம்தான். அதற்குள் எத்தனை ஆயிரம் குடும்பம் இருந்தாலும் மோசடி என்ற வரிசையில் ஒன்று கூடும். ஒரு சைக்கிள் திருட்டும் ஒன்று, இதுவும் ஒன்று.

இணைய மோசடியில் நிலைமை இன்னும் விபரீதம். 2022-இல் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்துக்கு நாடு முழுக்க 10 லட்சத்துக்கு மேல் புகார் வந்தது. அதே ஆண்டில் தேசியக் கணக்கில் பதிவான இணையக் குற்ற வழக்குகள் 65,893. புகாரில் இரட்டிப்பு இருக்கும், சின்னத் தொகை இருக்கும், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். அப்படிக் கழித்தாலும் அடங்காத இடைவெளி அது. பணம் போன உடனே 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தால் வங்கிக் கணக்கை முடக்க வழியுண்டு என்பதால் ஜனங்கள் புகார் சொல்கிறார்கள். வழக்காகிறதா என்பது அடுத்த கதை.

இனி "விகிதம்". ஒரு லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்பதுதான் ஊரை ஊரோடு ஒப்பிடும் அளவுகோல். நாட்டின் பெருநகரங்களுக்கான அட்டவணையில் கோவைக்கு வைத்திருக்கும் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 21.5 லட்சம். அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்காமல் பத்தாண்டு கடந்தது. சரவணம்பட்டியும் கீரணத்தமும் இன்று இருக்கும் இருப்பைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் கதி புரியும். குற்றம் இன்றையது, ஜனம் அன்றையது. திருப்பூர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று பனியன் கம்பெனிகளுக்கு வந்து தங்கும் தொழிலாளர்கள் திருட்டுக் கொடுத்தாலும் திருடினாலும் குற்றக் கணக்கில் வருவார்கள், வகுக்கும் மக்கள்தொகையில் முழுதாக வரமாட்டார்கள். இதனால் ஊர் மோசமாகத் தெரியும். பழியும் அவர்கள் தலையிலேயே விழும்.

எல்லையையும் கவனிக்க வேண்டும். காவல் துறையின் மேற்கு மண்டலத்தில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கும். கரூர் மத்திய மண்டலத்தில், திருச்சியோடு இருக்கிறது. "மேற்கு மண்டலத்தில் குறைந்தது" என்பதும் "கொங்கில் குறைந்தது" என்பதும் ஒன்றல்ல. கோவை மாநகரம் வேறு கமிஷனர், கோவை ஊரகம் வேறு எஸ்.பி. திருப்பூரும் சேலமும் அப்படியே. ஊரக நிலையம் ஒன்று மாநகரத்தோடு சேர்ந்தால் ஒரு பக்கம் குற்றம் திடீரென்று கூடும், மறுபக்கம் குறையும். களத்தில் எதுவும் மாறியிருக்காது.

மது, கஞ்சா வழக்குகளைக் குற்றத்தின் அளவாகப் படிப்பது இன்னொரு பிழை. கஞ்சா வேட்டை என்று தனி நடவடிக்கை நடக்கும் மாதத்தில் வழக்கு கூடும். அது போலீஸ் எவ்வளவு தேடியது என்பதற்கான அளவு. கேரளத்தின் குற்ற விகிதம் எப்போதும் மேலே நிற்பதற்கும் பதிவு செய்யும் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். வாளையாறு தாண்டினால் ஜனங்கள் குணம் மாறிவிடுவதில்லை.

இவ்வளவையும் நாளிதழ் வாசகர் எங்கே பார்க்கிறார்? மாவட்டப் பக்கத்தில், நான்கு வரிச் செய்தியாக. பெரும்பாலும் போலீஸ் கொடுத்த குறிப்பு, அதே சொற்களில். "விசாரணையில் தெரியவந்தது" என்று முடியும். யார் விசாரித்தது, குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொன்னார், அவருக்கு வழக்கறிஞர் இருந்தாரா என்பது இருக்காது. கையில் மாவுக்கட்டோடு படம் வரும், கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்று அடியில் வரி வரும். அதைக் கேள்வி கேட்காமல் அச்சடிப்பது செய்தி அல்ல. கைதுக்கு முதல் பக்கம் கிடைக்கும். நாலு வருடம் கழித்து அந்த ஆள் விடுதலையானால் ஒரு வரி கூடக் கிடைக்காது. உள்ளூர்க்காரர் என்றால் "வாலிபர்", பீகார்க்காரர் என்றால் "வடமாநில வாலிபர்". தொடர்ந்து இப்படியே படிப்பவர் மனதில் ஒரு கணக்கு தானாக உருவாகிறது.

அந்தக் கணக்கு மறுபக்கமும் திரும்பும் என்பதை 2023 மார்ச் காட்டியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பீகார் சட்டசபை வரை போனது. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் சொன்னார்: சுற்றிவந்தவற்றில் ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு நடுவில் நடந்தது. வேறு மாநிலங்களில் நடந்த கொலைகளின் காட்சிகளும் அதில் கலந்திருந்தன. ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பியவர்கள் திருப்பூர் ரயில் ஸ்டேசனில் கூடிய கூட்டத்தை உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டம் என்று காட்டினார்கள். பீகார் அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் நேரில் வந்து தொழிலாளர்களோடு பேசிவிட்டுப் போனது. போலீஸ் இந்தியில் பேசி, உதவி எண் கொடுத்து, கம்பெனி கம்பெனியாகப் போய் நம்பிக்கை சொல்ல வேண்டியிருந்தது. நடந்ததாகச் சொன்ன கொலைகள் எதுவும் நடக்கவில்லை. பயம் மட்டும் நிஜம்.

பிரிட்டனில் 1980-களின் தொடக்கத்திலிருந்து வீடு வீடாகப் போய் "போன வருடம் உங்களுக்கு என்ன குற்றம் நடந்தது, புகார் கொடுத்தீர்களா" என்று கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1973 முதல். போலீஸ் கணக்கும் வீட்டுக் கணக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும்போது எது கூடியது, எது பதிவானது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. நம்மிடம் அப்படித் தொடர்ச்சியான கணக்கெடுப்பு இல்லை. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. சமூகப்பணித் துறை மாணவர்கள் காங்கேயத்திலிருந்து ஒரு இருபது கிராமத்தை எடுத்து, ஒயர், ஆடு, போன், செயின், வீட்டு வன்முறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாலே போலீஸ் கணக்கோடு ஒப்பிட ஒரு அடித்தளம் கிடைத்துவிடும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று. ஒவ்வொரு நிலையத்திலும் மாதத்துக்கு எத்தனை சி.எஸ்.ஆர். போட்டார்கள், அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது, எத்தனை பேசி முடிக்கப்பட்டது என்ற மூன்று எண்ணை மாவட்ட வாரியாக வெளியிடலாம். பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதையும் சேகரிக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன்படி, பாலியல் குற்றம் போன்ற விலக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களைக் காவல் துறைத் தளத்தில் ஏற்றுகிறார்கள், யாரும் பார்க்கலாம். மாவட்டப் பக்கத்துக்குச் செய்தி எழுதுபவர் அதைத் திறந்து போலீஸ் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சிவகிரி வழக்கும் பல்லடம் வழக்கும் இனி நீதிமன்றத்தில் நடக்கும்போது, கைது அன்று போட்ட அதே அளவு இடத்தைச் சாட்சி விசாரணைக்கும் கொடுக்கிறார்களா என்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.